எச்சில் விரல்

எனக்கு எழுபத்தாறு வயசு ஆகிறது. பெற்றது ஐந்து, தங்கினது நாலு, நாத்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் தலை நிமிர்ந்து நடக்கிற மாதிரிதான் வளர்ந்திருக்கின்றன. வீராம்பட்டினத்தில் அஞ்சலாட்சி என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டைக் காட்டுவார்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இதற்குமேல் நான் ஒரு பெரிய படிப்பாளியைப் பற்றிக் கேவலமாகச் சொல்லப் போகிறேன். சொல்கிறவள் யார் என்று தெரிந்துகொண்டு கேட்கட்டும்.

போன வாரம் இரண்டு பேர் வந்தார்கள். அவரிடம் படித்தவர்களாம். அவர் செத்து வருஷம் திரும்பப் போகிறதாம், நினைவு மலர் போடுகிறார்களாம். கடலோரத்தில் ஓர் இந்துத் தாய் முஸ்லிம்களின் வேதத்தைச் சுமந்தாள் என்று ஐயா என்னைப் பற்றிப் போகிற இடமெல்லாம் பேசுவாராம். நான் நாலு வார்த்தை சொன்னால் அவர்கள் எழுதிக்கொள்வார்களாம். நானே எழுதித் தருகிறேன், போய்விட்டு அப்புறம் வாருங்கள் என்றேன். ஒருவன் மற்றவனைப் பார்த்தான். எனக்கு எழுத்து வரும். மூன்றாங்கிளாசோடு நின்றது என்றாலும் வரும். மெதுவாக வரும், அவ்வளவுதான். கட்டுமரம்கூட மெதுவாகத்தான் கரைக்கு வரும்.

அவர் பெயரை எழுத மாட்டேன். மலரில் அவர்கள் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். என் தாளில் வேண்டாம்.

அவரை நான் முதலில் பார்த்தது முல்லா வீதிப் பக்கம், மைமூனம்மா வீட்டு வாசலில். சுனாமி வந்துபோன மறுவருஷம். பெரிய மார்க்கெட்டில் விற்றது போக மிச்ச மீனைக் கூடையில் வைத்துக்கொண்டு அந்தத் தெருக்களைச் சுற்றுவேன். மைமூனம்மா வீடுதான் கடைசி. கூடையை இறக்கினால் ஒரு டம்ளர் டீ வரும், பின்னாலேயே பேச்சு வரும். மைமூனம்மாவுக்கும் எனக்கும் அப்போதே முப்பது வருஷப் பழக்கம். அவர் என்னை நீ என்பார், நான் அவரை நீங்கள் என்பேன். அது வயசுக்குக் கொடுத்த மரியாதை, வேறொன்றும் இல்லை.

அன்றைக்கு உள்ளேயிருந்து இவர் வந்தார். நெட்டை ஆள். வெள்ளைச் சட்டை, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கும் கண்ணாடி, தோளில் ஒரு தோல்பை. அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர். பிள்ளை பாரிஸில் படித்துப் பெரிய வாத்தியாராகி, தலை நரைத்தபின் ஊர் திரும்பி ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கப் படித்தது முஸ்லிம்களின் குர்ஆனை. அரபி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் முஸ்லிம் இல்லை. கிறிஸ்தவர் என்றும் சொல்ல முடியாது, இந்து என்றும் சொல்ல முடியாது. எந்தக் கோயிலிலும் கும்பிட மாட்டார், எல்லாக் கோயிலுக்குள்ளும் போவார். பிரான்ஸிலிருந்து வந்தவர்களை எல்லாம் முசியே என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். அவரும் முசியேதான்.

கூடைக்குப் பக்கத்தில் குந்தினார். இது என்ன மீன், அது என்ன மீன் என்று கேட்டார். சொன்னேன். சங்கராவின் கண்ணை ஆள்காட்டி விரலால் அமுக்கினார். செவுளைத் தூக்கி உள்ளே விரலை விட்டுத் துழாவினார். வாங்குகிறவர்கள் செய்வதுதான், அவர் வாங்கவில்லை என்பதை விட்டுவிடலாம். பிறகு தோல்பையிலிருந்து ஏதோ புத்தகத்தை எடுத்தார். அதே விரலை நாக்கில் வைத்து நனைத்துத் தாளைப் புரட்டினார்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்து மீனில் புரண்டவள் நான். குடலை அள்ளி அள்ளி வழித்த கை இது. ஆனாலும் வாய்க்குக் கொண்டுபோகும் முன் கழுவத் தெரியும். மைமூனம்மாவும் பார்த்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இருந்தோம். பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

அந்த விரல்தான் அந்த மனிதர். வேறு எதையும் அவரைப் பற்றி எழுத வேண்டியதில்லை. கண்ணால் பார்த்ததை அவர் நம்ப மாட்டார். தொட்டு, கிள்ளி, நகத்தால் சுரண்டி, முகர்ந்து, கடைசியில் நாக்குக்குக் கொண்டுபோனால்தான் நம்பிக்கை. எங்கள் அம்மன் கோயிலுக்கு வந்தார். பூசாரி அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில் அம்மன் பாதத்துக் குங்குமத்தை வழித்து முகர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டு விளக்கு மாடத்தில் படிந்திருந்த கரியைத் தேய்த்துப் பார்த்தார். என் மருமகள் கோலமாவு டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். நக்கிப் பார்த்துடப் போறாரு அத்தை என்றாள்.

மைமூனம்மா வீட்டுக்கு அவர் வந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே ஒரு பழைய குர்ஆன் இருந்தது. அச்சில் போட்டது இல்லை, கையால் எழுதினது. மைமூனம்மாவின் மாமியார் வழியில் வந்தது. கறையான் அரித்து, ஓரமெல்லாம் உதிர்ந்து, ஊதினால் பறக்கிற மாதிரி ஆகிவிட்டது. மாமியார் இறந்தபோது அவர் கட்டியிருந்த பச்சைப் புடவையில் ஒரு துண்டை வெட்டி மைமூனம்மா அதற்கு உறை தைத்திருந்தார். முசியே வருகிற அன்றைக்கு மைமூனம்மா கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு, தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, உறையைக் கழற்றிப் பலகைமேல் வைப்பார். இவர் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்ப்பார். இந்த மை எதில் காய்ச்சினது, இந்தத் தாள் எந்தத் தேசத்திலிருந்து கப்பலில் வந்தது, இந்த எழுத்து வளைகிற வளைவைப் பார்த்தால் எழுதினவர் எங்கே படித்தவர் என்று தெரியும் என்றெல்லாம் சொல்வார். வேறு ஊர்களில் இருக்கும் ஏடுகளோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டுப் பார்ப்பாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் விரல் நாக்குக்குப் போகும், நாக்கிலிருந்து வேதத்துக்குப் போகும்.

முதல் தடவை மைமூனம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டதாம். படித்தவர், வயசானவர், விருந்தாளி, எப்படிச் சொல்வது? மறு தடவை பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் சுத்தமான துணியும் வைத்து, விரலை இதிலே நனைத்துக்கொள்ளுங்கள் என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். அவர் மெர்சி, மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டார்.

இதை மைமூனம்மா எனக்குச் சொன்னபோது சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. அந்த மனிதர் அவமரியாதை செய்ய வேண்டும் என்று செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அந்த வேதத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அதை வைத்திருக்கிறவர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள், அது மட்டும் தெரியவில்லை.

நல்லதும் இருக்கிறது, அதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நான் நியாயம் பேசினவள் ஆக மாட்டேன்.

மைமூனம்மா சின்ன வயசிலிருந்து ஓதுகிறவர். அரபியில் ஓதுவார், அர்த்தம் தெரியாது. அதற்கு வெட்கப்பட்டதும் இல்லை. தாய் பாடினால் பிள்ளை அர்த்தம் கேட்டா தூங்குகிறது என்பார். ஒருநாள் நான் கூடையோடு உட்கார்ந்திருக்கும்போது முசியே உள்ளேயிருந்து ஓர் இடத்தைப் படித்து அர்த்தம் சொன்னார். கடலைப் பற்றியும் அதில் கிடைக்கிற மீனைப் பற்றியும் அதிலே வருகிறதாம். மனுஷன் தின்பதற்கு ஆண்டவன் கடலை இணக்கிக் கொடுத்திருக்கிறானாம். மைமூனம்மா வாசலுக்கு ஓடிவந்தார். "கேட்டியா அஞ்சலாட்சி, உன் பொழப்பு அதுல இருக்குது. நான் அறுபது வருஷமா ஓதறேன், எனக்குத் தெரியல" என்றார். அவர் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதைக் கொடுத்தது அந்த ஆள்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. எங்கள் வீட்டுக்காரருக்கு ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. அம்மன் தேர்த் திருவிழாவைப் பற்றிக் கேட்க முசியே அப்போது எங்கள் தெருவில் இருந்தார். தன் காரிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் பிழைத்தது அந்தக் காரால். நான் வராந்தாவில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளைத் தொட்டார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "இப்ப எந்த சாமியை வேண்டினீங்கம்மா? நம்ம அம்மனையா, மைமூனம்மா சொல்ற அல்லாவையா? ரெண்டு பேரையுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தாளைப் புரட்ட விரலை நனைத்தார்.

நான் எழுந்து வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஆனால் நன்றி நன்றிதான். அந்த நன்றிக்காகத்தான் பின்னால் அவரைப் படகில் ஏற்றினோம்.

எதற்குப் படகு என்று சொல்கிறேன். குர்ஆன் பழசாகிக் கிழிந்துபோனால் முஸ்லிம்கள் அதைக் குப்பையில் போட மாட்டார்கள், எடைக்குப் போட மாட்டார்கள். கால் படாத இடத்தில் சேர்க்க வேண்டும். சிலர் மண்ணில் புதைப்பார்கள். அந்தத் தெருக்காரர்கள் கடலில் சேர்ப்பார்கள். மைமூனம்மாவின் மாமியாரும் என் மாமியாரும் ஆரம்பித்து வைத்தது. தெருவில் கிழிந்துபோன ஏடுகள் எல்லாம் மைமூனம்மா வீட்டில் சேரும். அவர் புது வெள்ளைத் துணியில் சுற்றி, உள்ளே ஒரு கல்லை வைத்து, கயிறு போட்டுக் கட்டிக் கொடுப்பார். எங்கள் படகு கொண்டுபோய் ஆழத்தில் இறக்கும். சட்டதிட்டம் உண்டு. மூட்டையைத் தரையில் வைக்கக் கூடாது. கட்டை அவிழ்க்கக் கூடாது. ஆண்கள் குளித்துவிட்டுத்தான் தொட வேண்டும், அன்றைக்குப் பீடி கிடையாது. வலை நனைவதற்கு முன்னால் மூட்டை இறங்கிவிட வேண்டும்.

அப்புறம், அன்றைக்கு வலையில் விழுகிற முதல் மீன் விற்பனைக்கு இல்லை. அதை நான் மைமூனம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். சேர்த்துவிட்டோம் என்று நான் சொல்ல மாட்டேன், சேர்த்தீர்களா என்று அவர் கேட்க மாட்டார். மீன் வந்துவிட்டால் காரியம் முடிந்தது. மீன்தான் சாட்சி. எங்கள் வீட்டுக்கு அந்தத் தெருவில் இருந்த மரியாதை முழுக்க அந்த ஒரு மீனில் இருந்தது.

அந்த வருஷ மூட்டையில் அந்தக் கையெழுத்துக் குர்ஆனும் போக வேண்டியிருந்தது. தன் காலத்துக்குப் பிறகு ஓதுவதற்கு ஆகாத நிலை வந்தால் கடலில் சேர்த்துவிடு என்று மாமியார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். முசியே கேட்டுப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். இது அரிய பொருள், ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றார். "என் மாமி வாயால சொல்லிட்டுப் போனது முசியே. நான் மாத்த முடியாது" என்று மைமூனம்மா சொல்லிவிட்டார். வுய், வுய், புரிகிறது என்றார். வேறொன்று கேட்டார். இத்தனை வருஷம் இந்த வேதத்தோடு வாழ்ந்தவன், அது கடலில் இறங்கும்போது கூட இருந்து மரியாதை செய்கிறேனே என்றார். மைமூனம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. எங்கள் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிக் கார் ஞாபகம் வந்தது. சரி என்றோம்.

விடிந்ததும் போனார்கள். எங்கள் வீட்டுக்காரரும் பெரியவன் சேகரும் பின்னால் இஞ்சின் பக்கம். முசியே முன்னால். ஈரம் படாமல் நான் பிடித்துக்கொள்கிறேன் என்று மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி வைத்திருந்தார், கரையில் நின்று பார்த்த எனக்கே மனசு நிறைந்துபோனது. போகிற வழியெல்லாம் குனிந்தே இருந்தாராம். பாவம், அலை ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி வருகிறது போல என்று இவர்கள் விட்டுவிட்டார்கள்.

மூட்டை இறங்கியது. வலை போட்டார்கள். முதலில் விழுந்தது ஒரு கொடுவா, நல்ல கனம். ஓலையில் சுற்றி மைமூனம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார், மாமியாரை நினைத்துக்கொண்டார் போல.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் மத நல்லிணக்கக் கூட்டம் வைத்தார் முசியே. எங்கள் இரண்டு பேருக்கும் மேடையில் பொன்னாடை போடப் போவதாக ஆள் அனுப்பினார். நான் பட்டு கட்டிக்கொண்டேன், மைமூனம்மா இஸ்திரி போட்ட வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டார். ஒரே ஆட்டோவில் போனோம். மேடையில் ஒரு சாமியார், ஒரு பாதிரியார், ஒரு ஹஜ்ரத். வெள்ளைக்காரர்களும் நிறைய. முன்வரிசையில் எங்களை உட்கார வைத்தார்கள்.

முசியே பேசினார். என்னைப் பற்றியும் பேசினார், கடல் என்றார், தாய் என்றார், வேற்றுமை இல்லை என்றார். கைதட்டினார்கள். பிறகு மேசைமேல் இருந்த ஒரு பெட்டியைத் திறந்தார். பச்சைத் துணி உறை. உறையை உருவிப் பக்கத்தில் போட்டார். ஏட்டை விரித்தார். மைக் முன்னால் நின்றபடி விரலை நாக்கில் வைத்தார், தாளைப் புரட்டினார். ஹஜ்ரத் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்தில் மைமூனம்மாவின் கை என் கையிலிருந்து விலகினது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

பின்னால் புருஷன் செத்தபோதும் நான் நிமிர்ந்துதான் நின்றேன். அந்தப் பார்வையின் முன்னால் நிற்க முடியவில்லை. கொடுவா மீனை ஓலையில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

பொன்னாடைக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன். முசியே சால்வையை விரித்துக்கொண்டு வந்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"இது எப்படி முசியே உங்க கைக்கு வந்துச்சு?"

அவருக்கு வெட்கமே இல்லை. குரல்கூட மாறவில்லை. "கடல்ல போயிருந்தா மண்ணாப் போயிருக்கும்மா. நான் காப்பாத்தினேன். இப்ப இது உலகத்துக்கே சொந்தம்."

"காப்பாத்தச் சொல்லி யாரு கேட்டாங்க உங்கள? அன்னிக்கு நான் அந்த வூட்டுக்கு மீன் கொண்டுபோய்க் குடுத்தேன். அத இன்னாத்த சொல்றது இப்ப? பொய் மீனா பூடுச்சே."

மைக் பக்கத்தில் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. முசியே என் தோளைப் பிடித்துக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பினார். பாருங்கள், எவ்வளவு உரிமையோடு பேசுகிறார்கள், மதங்களுக்கு இடையே நடக்கிற உரையாடல் என்பது இதுதான் என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எனக்கு அதைவிடக் கேவலம் எதுவும் நடந்ததில்லை. திட்டினாலும் அந்த ஆளுக்கு அது தீனிதான்.

கைதட்டல் ஓயும் முன்பே மைமூனம்மா மேடை ஏறிவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. முட்டி வலிக்காரர், ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏறினார். துப்பட்டி முனையால் கையை மூடிக்கொண்டு ஏட்டை எடுத்தார். விரல் பட்ட ஓரத்தைத் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார், காய்ச்சல்காரக் குழந்தையின் வாயைத் துடைப்பது போல. பச்சை உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். முசியே ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"கையைக் கழுவிட்டு வாங்க முசியே. அப்புறம் பேசலாம்."

அவர் தன் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அழுக்கு ஒன்றும் இல்லையே என்கிற மாதிரி. நிஜமாகவே புரியவில்லை அந்த மனிதருக்கு.

திரும்பும்போதும் ஒரே ஆட்டோதான். வீடு வந்ததும் மைமூனம்மா இறங்கினார், வரேன் என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போனார். முப்பது வருஷத்தில் அப்படிப் போனது இல்லை.

வீட்டில் சொன்னேன். சேகர் பல்லைக் கடித்தான். எங்கள் வீட்டுக்காரர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "இறக்கும்போதே கட்டு வேற மாதிரி இருந்துச்சு. அந்தம்மா ரெட்டைச் சுத்து போட்டு முடிச்சு போடுவாங்க. இது பூட்ஸ் கயிறு மாதிரி இருந்துச்சு. மடியில வச்சிக்கினு வந்த மனுஷன் மேல எப்படிடி சந்தேகப்படறது?" என்றார். அந்த ஆள் குனிந்து உட்கார்ந்திருந்தது வாந்திக்கு இல்லை.

அதற்குப் பிறகு நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. மார்க்கெட்டோடு திரும்பிவிடுவேன். விற்றுவிட்டார்கள் என்று ஒருத்தி சொன்னாளாம், பிரான்ஸ்காரனுக்கு மீன்காரி விற்றுவிட்டாள் என்று. அதைக் காதில் வாங்கிக்கொண்டு கூடையைத் தூக்கினேன். போய் அழுது சத்தியம் செய்யலாம்தான். செய்யவில்லை. தப்பு செய்யாதவள் எதற்குக் கும்பிடு போட வேண்டும்? ஆனால் மைமூனம்மா என்ன நினைக்கிறார் என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. அதுவும் உண்மை.

ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மைமூனம்மா இறங்கினார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் வெள்ளைத் துணி சுற்றிய பொட்டலம், ஒரு கயிறு, ஒரு கல். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். முட்டியைத் தடவிக்கொண்டே, தெருவில் வாய் உள்ளவர்கள் எல்லாம் பேசுவார்கள், நீ ஏன் வருவதை நிறுத்தினாய் என்று கேட்டார். பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

"கட்டு."

வழக்கம் அது இல்லை. கட்டு எப்போதும் அவர் கட்டுவது. நான் அந்த மூட்டையைத் தொட்டதே கிடையாது. ஆண்கள்தான் குளித்துவிட்டு வாங்குவார்கள்.

"என் கையில மீன் வாடை போவாது மைமூனம்மா. தேய்ச்சுக் குளிச்சாலும் போவாது."

"அதுல மீனைப் பத்தி இருக்குதுன்னு அந்த ஆளுதான சொன்னாரு. கட்டு அஞ்சலாட்சி."

அவர் செய்வது போலவே கை, முகம், கால் கழுவிக்கொண்டு வந்தேன். கல்லை வைத்துக் கயிற்றை ரெட்டைச் சுற்று சுற்றி, வலைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டேன். அதை அறுக்கலாம், அவிழ்க்க முடியாது. மைமூனம்மா முடிச்சை இழுத்துப் பார்க்கவில்லை. டீ இருக்கிறதா என்று கேட்டார்.

மறுநாள் இரண்டு ஆண்பிள்ளைகள் மட்டும் போய் இறக்கிவிட்டு வந்தார்கள். அன்றைக்கு முதலில் விழுந்தது ஒரு சின்ன சங்கரா. வெட்கப்படுகிற அளவு சின்னது. அதை ஓலையில் சுற்றி முல்லா வீதி முழுக்க எல்லோரும் பார்க்கிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டே நடந்தேன். மைமூனம்மா வாங்கிக்கொண்டு, மிளகு போட்டு ஆக்குகிறேன், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். இருந்து சாப்பிட்டேன்.

முசியே அதற்கப்புறம் ஒரே தடவை வந்தார். ஒரு தடிப் புத்தகத்தோடு. கூட்டத்துக்கு முன்னாலேயே ஏடு ஏடாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார், எல்லாம் அதில் இருந்தது. உங்கள் பெயரும் இதில் வருகிறது என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைத் தேடினார். விரல் நாக்குக்குப் போனது. நான் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிட்டேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். ஆஸ்பத்திரிக் காருக்கு அந்தத் தண்ணீர். புத்தகத்தை வாங்கவில்லை.

சேகர் மகள் பவானி எம்.ஏ. படிக்கிறாள். அவளுக்கு என் கோபம் முழுசாகப் புரியவில்லை. பழைய பொருளைக் காப்பாற்றுவது நல்லதுதானே ஆயா, கடலில் போட்டால் யாருக்கு லாபம் என்கிறாள். லாபத்தைப் பற்றி நான் பேசவில்லை. மைமூனம்மாவிடம் இன்னொரு பத்து தடவை கேட்டிருக்கலாம். காலில் விழுந்து கேட்டிருக்கலாம். கிடைக்காவிட்டால் அழுதுகொண்டு கரையில் நின்றிருக்கலாம். அதுவும் ஒரு மரியாதை. மடியில் வைத்துக்கொண்டு கட்டை அவிழ்த்தாரே, அதற்கு உங்கள் படிப்பில் என்ன பெயர் என்று கேட்டேன். யோசிக்கட்டும்.

மைமூனம்மாவும் போய்விட்டார். இப்போது மூட்டை அவர் மருமகளிடமிருந்து வருகிறது. கட்டு நான்தான் கட்டுகிறேன்.

நினைவு மலர்க்காரர்கள் நாளைக்கு வருவார்கள். இதில் ஒரு வார்த்தை குறைக்காமல் போடுவதாக இருந்தால் போடட்டும், இல்லாவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும். பவானி, இங்க வா. இத முதல்லேருந்து ஒரு தடவை படிச்சுக் காட்டு, நான் கேக்கறேன். மெதுவா படி. தாள் ஒட்டிக்கினா ஊதிப் புரட்டு, விரலை நாக்குல வைக்காத.